வாத்துப் பையனுக்குச் சுகர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. பள்ளிக்கூடத்தில் மார்க்கை மறைத்தவர்கள்கூட இதை மறைப்பதில்லை. போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்துப் போட்டாள். இருபது பேர் கைகூப்பி ஆறுதல் சொன்னீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. சர்க்கரை வியாதியை நான் ஒன்பது வயதில் ஒரு வாத்திடம் கற்றுக்கொண்டவள். அந்த வாத்தைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெகு நாளாக நினைப்பு.

எங்கள் ஊர் திருவாரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தைலம், சோப்பு, பளபளக்கும் துணி இவற்றோடு வந்து, இருக்கிற நாலு வாரமும் தூங்கிவிட்டுப் போவார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். வீட்டில் அம்மா, அக்கா, நான், அப்பா அனுப்பிய கலர் டிவி.

அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்த தை மாதம் அவளுக்குத் தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கொல்லைக் கதவு ராத்திரியெல்லாம் திறந்து மூடியது. கொல்லையில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. நான் அவளை 'எறும்பக்கா' என்று கூப்பிட்டேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோது, வளர்கிற பிள்ளை, இழுத்துக் கட்டு என்று அம்மா சொன்னாள். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அக்கா கொஞ்சம் தேறியிருந்தாள், அம்மா இளைத்திருந்தாள். அம்மாவின் பையில் ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கும் அதற்குள் சின்ன மருந்துப் புட்டியும் இருந்தன.

இனி ஆயுசுக்கும் காலை மாலை ஊசி. சீனியைக் கண்ணில் காட்டக்கூடாது. டாக்டர் இன்னும் எத்தனையோ சொல்லி அனுப்பியிருப்பார். அம்மாவின் காதில் நின்றது இந்த இரண்டுதான். ஊசியின் மேலிருக்கும் கோடுகளை எண்ணி மருந்து ஏற்றப் பழகிக்கொண்டாள். புட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தண்ணீர்ப் பானைக்குள் மிதக்கவிட்டாள். கேட்டவர்களிடம் அது சத்து ஊசி என்றாள்.

கேட்டவர்களில் முக்கியமானவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் மகனுக்குத்தான் அக்கா என்று, அக்கா தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள், அத்தை தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் பிறகு வேறு எவன் வருவான் என்பது அம்மாவின் கவலை. ஒரு மத்தியானம் எங்கள் இருவரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எந் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அடுத்து அக்கா பண்ணினாள். சத்தியத்தை மீறினால் அந்தத் தலை வெடித்துவிடும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதன் பிறகு பல நாள், அம்மா தலை வாரும்போது அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிக்கு நடுவில் வகிடு வெள்ளையாக, மெல்லிசாக இருந்தது.

பங்குனிக் கடைசியில் அப்பாவின் பார்சலை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் டிவி கேம் பெட்டி ஒன்று, அதில் செருகுகிற கேசட் ஒன்றே ஒன்று. கேசட்டின் மேல் தொப்பி போட்ட வாத்து. அதன் இறக்கையில் ஊசி. அப்பாவின் முதலாளி வீட்டுப் பையன் ஒருவன் அதை வைத்து விளையாடித்தான் வளர்ந்தானாம். அவனுக்கும் நம் பிள்ளைக்கு வந்ததுதான் வந்ததாம். ஊரில் டெலிபோன் வைத்திருந்த மளிகைக் கடைக்கு அப்பா அழைத்தபோது இதை அம்மாவிடம் சொன்னார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சரி சரி, வச்சிடுங்க" என்றாள். வாத்துப் பொம்மையில் என்ன வியாதி இருந்துவிடப் போகிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கேசட்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் ஓரத்தில் சூடான பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். படம் வராவிட்டால் வாயை வைத்து ஊதிச் செருக வேண்டும். எச்சில் தெறிக்க ஊதுவது என் வேலை. வோல்டேஜ் குறைந்தால் வாத்து பச்சையாகிவிடும். அது ஒரு காட்டு முகாமுக்குப் போகும் வாத்துப் பையன். நரிக் கூட்டம் முகாமின் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திருடிப் போய்விடும், அவன் தேடிப் போக வேண்டும். இதெல்லாம் எல்லா ஆட்டத்திலும் உள்ளதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் திரை நின்றுவிடும். ஓர் ஊசி வரும். எத்தனை கோடு என்று நாம் சொல்ல வேண்டும். பிறகு சாப்பாடு வரும். எதை, எவ்வளவு என்று பொறுக்க வேண்டும். அதிகம் தின்றால் வாத்துக்குத் தாகம் எடுக்கும், கால் இழுக்கும், மரத்துக்குப் பின்னால் அடிக்கடி ஓடும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஊசி போட்டுவிட்டுத் தின்னாமல் ஓடினால் வேறு மாதிரி ஆகும். வாத்தின் தலையிலிருந்து வியர்வை சொட்டும், கால் பின்னும், திரையே நடுங்கும். அப்போது ஓர் ஆரஞ்சு ஜூஸைத் தொடவைத்தால் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மல்லாந்து விழும். மூன்று உயிர் இருந்தது.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எங்களுக்கு அதைப் படித்துச் சொன்னவள் எதிர்வீட்டு டீச்சர் மகள். லுத்தரன் குடும்பம், அவள் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்குப் பத்து வயது. எதையும் பாதியில் விடமாட்டாள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்காது. முதல் நாளே ஒரு பெரிய வார்த்தையை எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் வந்து, டயபட்டீஸ் என்றால் சுகர், வாத்துக்குச் சுகர் என்று அறிவித்தாள். பிறகு திரையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சத்தியத்துக்குப் பங்கம் இல்லை.

ஒரே வாரத்தில் தெருவில் ஆறிலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாத்து தின்பதில் பாதி எங்களுக்கு என்னவென்றே தெரியாது. பச்சைக் காலிஃபிளவர் ஒன்று இருந்தது, அதை மரம் என்று நினைத்தோம். டீச்சர் மகள் நோட்டில் கோடு போட்டு, ரொட்டி ஒன்றுக்கு இட்லி இத்தனை, உருளைக்கிழங்குக்குச் சோறு இத்தனை என்று அவளாகவே ஒரு பட்டியல் தயாரித்தாள். அக்கா சாப்பிட உட்காரும்போது ஜன்னலில் அவள் தலை தெரியும். விரலை விரித்துக் காட்டுவாள்.

இத்தனை பேருக்குத் தெரிந்தும் தெருவில் ஒரு பெரியவர் காதுக்கும் போகவில்லை. போனால் கேம் போய்விடும் என்ற ஒரே காரணம்தான், பெருந்தன்மை எல்லாம் இல்லை. அம்மா அதே கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வாத்து நடுங்கி, வியர்த்து, விழப்போனதைப் பார்த்து, "அடப் பாவமே, அதுக்கு ஒரு சோடா கலர் வாங்கிக் குடுக்கக் கூடாதா?" என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோடை லீவில் அத்தை மகன் பத்து நாள் வந்து தங்கினான். அவனுக்குப் பதினாறு வயது, அரும்பு மீசை. அவனும் ஆடினான். கெட்டிக்காரன், நரிகளை ஒரே நாளில் விரட்டிவிட்டான். அவன் ஆடும்போது அக்கா கதவோரமாக நின்று பார்ப்பாள்.

இந்த ஆட்டத்தில் நான் எப்படி, அக்கா எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வேண்டுமென்றே வாத்தை விழவைப்பேன். மல்லாந்து விழுந்து இறக்கையை இரண்டு முறை அடித்துக்கொள்ளும், அதைப் பார்க்கத்தான். அக்கா ஒரு முறைகூட விழவிட்டதில்லை. திரை நடுங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும், ஜூஸ் இருக்கிற பக்கம் வாத்தைத் திருப்பிவிடுவாள். அப்படி ஆடினால் கேம் சப்பென்று இருக்கிறது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் அக்கா பெரிய மனுஷி ஆனாள். உளுந்தங்களியும் கருப்பட்டியுமாக அத்தை வந்து இறங்கினாள். அக்காவுக்குக் களி குமட்டுகிறது என்று அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொல்லி, களியை எனக்கு ஊட்டினாள். அந்தப் பதினைந்து நாளில் நான் நன்றாகப் பெருத்தேன். ஆனி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை சடங்கு வைத்தார்கள்.

அன்றைக்குக் காலை ஏழரைக்கு உள்ளறையில் அம்மா அக்காவுக்கு ஊசி போட்டாள். நான் கதவுக்குக் காவல். மருந்தை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள், மறுபடியும் புட்டிக்குள் ஊசியை விட்டாள். இன்றைக்கு ஆளாளுக்கு லட்டும் பழமுமாக வாயில் திணிப்பார்கள், சபையில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதனால் நாலு கோடு கூடப் போட்டுவிடுகிறேன் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதிகம் தின்னப் போகிற வாத்துக்கு அதிகம் போடுவதுதானே முறை.

ஒன்பது மணிக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும். அத்தை தண்ணீர் ஊற்றி, அக்காவை மணையில் உட்காரவைத்தாயிற்று. மாமன் பட்டு கட்டி, மாமன் மாலை போட்டு, அதற்குப் பிறகுதான் பெண் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் பட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவின் வேன் வரவில்லை. அன்று பார்த்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. வேனில் இருந்த கிழவர்கள் பாலத்தில் இறங்கி, நுரையும் சருகுமாக ஓடிவந்த தண்ணீரைக் கும்பிட்டு, காலை நனைத்து, இந்த வருஷம் குறுவைச் சாகுபடி உண்டா இல்லையா என்று பேசி முடிக்க நேரமாகிவிட்டது. பத்தே முக்காலுக்கு வேன் வந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. இனி பன்னிரண்டு மணிக்குத்தான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி. என் காதோடு, நல்லதாப் போச்சு, இவ்வளவு நேரம் ஒரு இனிப்பும் வாயில் படவில்லை என்றாள். அக்காவைச் சுற்றி அத்தையின் சீர்த் தட்டுகள் இருந்தன. லட்டு, வாழைப்பழம், வெல்லம், ஒரு தட்டு நிறையக் கற்கண்டு. பந்தலில் நாயனக்காரர் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை இருக்கும். அக்காவின் மூக்குக்குக் கீழே வியர்வை பூத்தது. பிறகு நெற்றியில். பவுடர் கோடு கோடாக வழிந்தது. அவள் கை தொடையின் மேல் ஒரு தாளத்துக்கு ஆடுவது மாதிரி ஆடியது. எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன என்றும் தெரியும். அம்மாவைத் தேடினேன். அவள் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள், வகிடு தெரியவில்லை. கற்கண்டுத் தட்டு எனக்கு ஆறடி தூரம். எடுத்துக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அம்மாவின் தலை. பேசாமல் எடுத்து வாயில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்பது எனக்குத் தோன்ற இருபது வருடம் ஆயிற்று.

அக்கா பக்கவாட்டில் சாய்ந்தாள். கண் செருகி, கை கால் வெட்டிக்கொண்டது. யாரோ திருஷ்டி என்றார்கள். யாரோ வலிப்பு என்று கத்தி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். அம்மா ஓடிவந்தவள் முதலில் செய்த காரியம், இனிப்புத் தட்டுகளைக் காலால் தள்ளியது. சுகர் ஏறிவிட்டது, வாசனை பட்டே ஏறிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. வெறுமனே, எடுங்க, எடுங்க என்று அரற்றினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு எத்தனை உயிர் மிச்சம் இருக்கும் என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பந்தலுக்குப் பின்னால் ஐஸ் போட்ட அண்டாவில் விருந்தாளிகளுக்கான கலர் பாட்டில்கள் கிடந்தன. டீச்சர் மகள் அங்கிருந்து ஓடிவந்தாள், கவுனெல்லாம் நனைந்து, கையில் ஆரஞ்சுக் கலர். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்திருந்தாள், உதட்டில் ரத்தம். கூட்டத்துக்குள் புகுந்து அவள் சொன்னது பந்தலுக்கு வெளியே வரை கேட்டது.

"அக்காவுக்குச் சுகர் இருக்கு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடல, இறங்கிடுச்சு. இதக் குடுங்க."

நாயனம் நின்றது. அம்மா அவளைப் பிடித்துத் தள்ளினாள். சீனி வியாதிக்காரிக்குச் சீனியா, கொல்லப் பார்க்கிறாயா என்று, அத்தனை நாள் மூடி வைத்திருந்ததை அவளே போட்டு உடைத்தாள். அப்போது அத்தை, யாரும் எதிர்பார்க்காத அத்தை, பாட்டிலை வாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். அக்காவின் தலையை மடியில் வைத்து, விரலை நனைத்து நனைத்து ஈறில் தடவினாள். கொஞ்சம் விழுங்க ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக விட்டாள். கால் மணி நேரத்தில் அக்கா கண் திறந்து, ரவிக்கை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாள்.

அன்று மாலை அடுக்களையில் அத்தை அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன். அத்தை கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தாள்.

"எனக்குக் கோடை லீவுலயே தெரியும்மா. எம் மவன் இங்கேர்ந்து திரும்பி வந்த அன்னைக்கே சொல்லிட்டான், அந்த வாத்துப் படத்தப் பத்தியும் சொன்னான். தெரியாத மாதிரியே கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப சபையில வெளியாயிடுச்சு. எங்க வீட்டுக்காரரோட ஆளுங்கள்லாம் காதால கேட்டுட்டாங்க. அவங்க வேணாம்னா நான் இனிமே என்னன்னு சொல்லி நிறுத்தறது?"

மறுநாள் விடிந்ததும் அம்மா கேசட்டை எடுத்துப்போய், புதுத் தண்ணீர் ஏறியிருந்த வாய்க்காலில் எறிந்தாள். வாத்து ஒரு சுற்றுச் சுற்றி, முகம் காட்டி, முழுகிப் போயிற்று. டீச்சர் மகள் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது என்றாயிற்று. பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்த வாய் என்று அம்மா அவளைச் சொன்னாள். மகளின் உயிரைக் காப்பாற்றிய வாய் என்று அந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவளுக்கு ஆதரவாக ஒரு சொல் சொன்னதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்ல ஆசைதான். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அக்கா லேப் டெக்னீசியன் படித்து, திருவாரூரில் வேலைக்குப் போய், முப்பத்திரண்டாவது வயதில், எல்லாம் தெரிந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா இறந்த பிறகு அம்மா அவளோடுதான் இருக்கிறாள். அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை. தினமும் காலையில் அக்கா தன் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, ஊசியை மாற்றி, அம்மாவின் விரலைக் குத்துகிறாள்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். வாட்ஸப்பில் வந்த அந்தப் பரிசோதனைத் தாளைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். சிரிப்புக்கு நடுவில், இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரியும்க்கா, தெரிந்துகொண்டே நின்றேன், அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தேன் என்றேன். அழுகை வந்துவிட்டது.

அக்கா கரும்பைக் கடிப்பதை நிறுத்தவில்லை. அவளுக்கு அளந்து வைத்த ஒரு துண்டு.

"உனக்கே தெரிஞ்சா எனக்குத் தெரியாதாடி? கண்ணு மங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. கல்கண்டுத் தட்டு முட்டியில இடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கைய வச்சேன். அம்மா அங்கேர்ந்து கண்ணக் காட்டுச்சு, வேணாம்னு. கைய எடுத்துட்டேன்."

செத்துப் போயிருப்பாயே என்றேன்.

"அதுவும் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சிடக் கூடாதேங்கிறதுதான் அப்ப பெரிசா இருந்துச்சு." சக்கையைத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இது அம்மா காதுல விழ வேணாம். தாங்காது."

அம்மா கூடத்தில் கட்டிலில் இருந்தாள். காது கொஞ்சம் மந்தம். அங்கே என்னடி ரகசியம் பேசறீங்க என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.